தாத்தாவின் தாள்களைக் காப்பாற்றித் தந்த உங்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோவில்பட்டியில் முதலில் நாடகப் படுதாவும், பிறகு சிவகாசி காலண்டர்களுக்குச் சாமி படமும் வரைந்தவர் எங்கள் தாத்தா. அவர் விட்டுப்போன கடிதங்கள், கணக்கு நோட்டுகள், பென்சில் வரைவுகள் எல்லாம் இப்போது படம் பிடிக்கப்பட்டு, பட்டியலோடு பத்திரமாக இருக்கின்றன. எங்கள் குடும்பம் மட்டும் நினைத்திருந்தால் இது நடந்திருக்காது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி அத்தைக்கு. தாத்தா போன பிறகு படங்களைக் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். தாள்களை யாரும் கேட்கவில்லை. வீடு மாறும்போதெல்லாம் அந்த டிரங்குப் பெட்டியைக் கூடவே கொண்டுபோனது அத்தைதான். அப்பா எழுதினது என்பதே அவருக்குப் போதுமான காரணமாக இருந்தது.

பழைய பேப்பர் கடை அண்ணாச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பரணைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் ஒரு சாக்கை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நீங்கள் அதைப் பிரித்துப் பார்த்து, இது ஆர்ட்டிஸ்ட் ஐயா கையெழுத்தாச்சே என்று கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினீர்கள். கொடுத்த காசையும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சாக்கில்தான் நாடகக் கம்பெனி காலத்துத் தாள்கள் மொத்தமும் இருந்தன: தர்பார், தெரு, வனம் என்று ஒவ்வொரு படுதாவுக்கும் கட்டம் போட்டு வரைந்த சின்ன மாதிரிகள், வர்ணப் பொடிக்கும் அதில் கலக்கும் வஜ்ஜிரப் பசைக்கும் ஆன செலவுச் சீட்டுகள், சம்பளப் பாக்கி கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்கள்.

அந்தச் சீட்டுகள் ஏன் முக்கியம் என்று உறவுக்காரர்கள் சிலர் கேட்டார்கள். கோவில்பட்டி ஓவியம் என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர் சி. கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணரிடம் போய் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்துகொண்டு வந்து இந்த ஊரிலேயே தங்கியவர். 1976-இல் அவர் காலமாவதற்குள் அவருடைய சாமி படங்கள் எத்தனையோ வீட்டுப் பூஜையறைக்குள் போய்விட்டன. ஆனால் அந்த மேடைத் திரையிலிருந்து காலண்டருக்கு வந்த பாதையில் இன்னும் எத்தனை பேர் நடந்தார்கள், எவ்வளவு கூலிக்கு நடந்தார்கள் என்பதை அச்சான படம் சொல்லாது. என் தாத்தா மாதிரி ஓர் ஓவியரின் கணக்கு நோட்டுதான் சொல்லும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா நோட்டீசையும் அழைப்பிதழையும்கூட விடாமல் சேர்த்ததால்தானே இன்று சென்னையில் அவர் பெயரில் அப்படி ஒரு ஆய்வு நூலகம் இருக்கிறது.

ஆவணப் படிப்பு படிக்கும் தங்கை ஒருத்தி வந்து வேலையைத் தொடங்கினாள். தேதி வாரியாகப் பிரிக்கலாம் என்று நாங்கள் உட்கார்ந்தபோது, வேண்டாம், தாத்தா கட்டிய கட்டு அப்படியே இருக்கட்டும் என்றாள். அவள் சொன்னதன் அருமை பிறகுதான் புரிந்தது. ஒரு லட்சுமி படத்துக்கான கட்டில் பிரஸ் கடிதம், சாமியின் உருவத்தை வருணிக்கும் தியான சுலோகம், டிரேஸிங், ஒரு போட்டோ, ரசீது எல்லாம் ஒன்றாக இருந்தன. பிரித்திருந்தால் அந்தப் படம் உருவான கதையே கலைந்திருக்கும். துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள், பென்சிலால் மட்டும் எண் போட்டாள். லேமினேட் செய்து தருகிறேன் என்று அன்போடு முன்வந்த ஒருவரை அதைவிட அன்போடு தடுத்தாள். இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களைக்கூட அவள் வெட்டவில்லை. அம்மா, நீ நன்றாக இருக்க வேண்டும்.

சிவகாசியில் லித்தோ அச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம். ஓரங்களில் இருந்த குறிப்புகளை எங்களால் படிக்க முடிந்தது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நிறத்துக்கு ஒரு பிளேட், அதில் புள்ளி வைத்தே நிழல் காட்ட வேண்டும் என்று அவர் விளக்கிய பிறகுதான், அம்மனின் கன்னத்துக்கு எத்தனை சிவப்பு என்று தாத்தா எழுதியதன் அர்த்தம் தெரிந்தது. சாமியின் பாதத்துக்குக் கீழே ஏன் எப்போதும் வெறும் இடம் என்றும் அவர்தான் சொன்னார். அங்கேதான் ஜவுளிக்கடையின் பெயரும் தேதித் தாளும் வரும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அதனால்தான் பிரஸ் கடிதங்களில் சித்திரையிலேயே அவசரம் தெரிகிறது.

கட்டில் இருந்த அந்த போட்டோவை அத்தையிடம் காட்டினோம். அது அவரேதான்! முறத்தை மடியில் வைத்து வீணை பிடிக்கும் பாவனையில் உட்கார்ந்திருக்கிறார். லட்சுமிக்கும் அதே முகம், அப்புறம் வந்த சரஸ்வதிக்கும் அதே முகம்.

சுலோகங்களைப் பிழையில்லாமல் படியெடுத்துக் கொடுத்த தமிழாசிரியருக்கும், கட்டணம் வாங்காமல் வழிகாட்டிய வக்கீல் ஐயாவுக்கும் நன்றி. பிரஸ்காரர் எழுதிய கடிதத்தில் தாள் நம்முடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது என்று அவர் பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். எழுதியவர் இறந்த பிறகும் அந்த உரிமை தொடரும் என்பதும் எங்களுக்குப் புதுச் செய்தி. பங்கு கேட்காமல் கையெழுத்துப் போட்ட சித்தப்பா, மாமா மக்கள் எல்லோருக்கும் என் அன்பு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் தாத்தாவுக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதிய பதில்கள் பழைய பிரஸ்களிலும் நாடகக்காரர்கள் வீட்டுப் பரண்களிலும்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் கண்ணில் பட்டால் எங்களுக்குத் தர வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்ள விடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
பேரப்பிள்ளைகள் சார்பில் மூத்த பேரன்