பறவைகளை விரட்டுமுன் கிணற்றடியைப் பார்ப்போம்

யாழ்ப்பாணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இதழில், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களைக் குடிபெயர் பறவைகள் சுமந்து வருகின்றன என்றும், ஆகவே பருவம் தொடங்குமுன் கடனீரேரிக் கரைகளில் வெடி கொளுத்தி அவற்றை இறங்கவிடாமல் செய்ய வேண்டும் என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று. அவர் கூறும் பரிகாரம்தான் என்னை எழுதத் தூண்டியது. இந்தக் குடாநாட்டில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் அவர் சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அவுஸ்திரேலியாவின் கடற்காகங்களில், வைத்தியசாலைகளில் வேறு மருந்து பலிக்காதபோது எடுக்கப்படும் கார்பாபெனெம் வகை மருந்துகளையே முறியடிக்கும் பற்றீரியாக்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் காகங்களின் எச்சத்திலிருந்து வன்கோமைசின் என்னும் மருந்துக்கு அடங்காத என்டரோகொக்கஸ் என்ற குடல் பற்றீரியா பிரித்தெடுக்கப்பட்டது. கொலிஸ்டின் என்னும் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஒரு மரபணு, சீனாவில் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிலும் காணப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அதே மரபணு லித்துவேனியாவிலும் ஆர்ஜென்ரீனாவிலும் கடற்காகங்களில் இருப்பது தெரியவந்தது. இவற்றைப் படிக்கும் எவருக்கும் வானத்தில் ஒரு கூட்டம் தெரிந்தவுடன் வயிறு கலங்குவது இயல்பே.

ஆனால் எந்தப் பறவையும் வைத்தியரின் துண்டோடு மருந்துக்கடைக்குப் போவதில்லை. அன்ரிபயோட்டிக் மருந்துக்குப் பற்றீரியா அடங்காமற் போவது, பெரும்பாலும் அந்த மருந்து திரும்பத் திரும்பப் புழங்கும் இடங்களில் நடப்பது: நோயாளியின் உடல், வைத்தியசாலையின் கழிவுநீர், கோழிப்பண்ணை, மாட்டுத்தொழுவம். அங்கே தப்பிப் பிழைத்த பற்றீரியா தன் எதிர்ப்பாற்றலைத் தன் வழித்தோன்றல்களுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தின் மூலம், அருகிலிருக்கும் வேறு இனப் பற்றீரியாவுக்கும் கைமாற்றிவிடுகிறது. உலகெங்கும் சிறுநீர்த்தொற்று நோயாளிகளிடம் பரவியுள்ள, ஈ. கோலி என்னும் குடல் பற்றீரியாவின் வகையொன்று பல நாடுகளில் கடற்காகங்களின் குடலிலும் இருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதக் குடலில் தேர்ந்த கிருமி பறவைக்கு வந்த வழி குப்பைமேடும் கழிவுநீர் வாய்க்காலுமாகத்தான் பெரும்பாலும் இருக்க முடியும். மனித நடமாட்டத்தை அண்டி இரைதேடும் பறவைகளிடம் இவ்வகைப் பற்றீரியா கூடுதலாகக் காணப்படுவதும் இதனோடு ஒத்துப்போகிறது.

வடக்கேயிருந்து நோய் வருகிறது என்ற எண்ணத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் கிறீன்லாந்திலும் வடதுருவப் பகுதிப் பறவைகளிடம் மாதிரி எடுத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. மருந்தென்ற வாடையே இல்லாத அந்தப் பனிவெளியிலும் சில பறவைகளின் ஈ. கோலி பல மருந்துகளுக்கு அடங்காதிருந்தது. ஆயினும் அப்படிப்பட்டவை சிறு பங்கே. துருவத்தில் இல்லாத மருந்துகள் பலவற்றுக்கு எதிர்ப்பு துருவத்திலேயே முளைத்திருக்கும் என்று எண்ணுவது கடினம். குளிர்காலத்தைக் கழிக்கப் போன இடங்களிலிருந்து பறவைகள் எடுத்துச் சென்றிருக்கக்கூடும் என்பதே நேரான விளக்கம். அந்தக் குளிர்கால இடங்களுள் நமது இடமும் ஒன்று. மத்திய ஆசியப் பறப்புவழியின் தென்கோடியில் இலங்கை இருக்கிறது. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்த ஊசிவால் வாத்துக்களும் உள்ளான்களும் நம்முடைய கடனீரேரிகளிலும் சுண்டிக்குளத்திலும் மன்னார் வங்காலையிலும் வந்து தங்கி, பங்குனி சித்திரையில் திரும்புகின்றன. வரும்போது அவை கொண்டுவருவதைவிட, இங்கு ஐந்தாறு மாதம் மேய்ந்துவிட்டுப் போகும்போது நம்மிடமிருந்து கொண்டுபோவதுதான் அதிகமோ என்பது என் ஐயம்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை நான் கவலைப்படுவது ஊசிவால் வாத்தைப் பற்றியன்று, காகத்தைப் பற்றி. காலையில் குப்பை கொட்டும் வெளியிலும், மீன்சந்தையின் பின்புறத்திலும், இறைச்சிக்கடைக் கழிவு வாளியிலும் மேய்ந்த காகம், மத்தியானம் நம்முடைய கிணற்றுக்கட்டில் வந்து இருக்கிறது. செம்பருந்தும் உண்ணிக்கொக்கும் அதற்குச் சளைத்தவையல்ல. வாத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு பரவைக்கடல் இருக்கிறது. காகத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு முற்றம்கூட இல்லை.

கடமையில் இருந்த காலத்து நிகழ்வொன்று நினைவுக்கு வருகிறது. மாரி மழை விட்டிருந்த ஒரு கிழமையில், வலிகாமப் பகுதியில் ஒரு ஒழுங்கையில் மூன்று வீடுகளில் சிறுபிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். கிணற்றுத் தண்ணீர் மாதிரியில் மலப் பற்றீரியா இருந்தது. அந்த வளவிலிருந்த முதியவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கிணற்றுக்குள் மிதந்த கோழிக்குடலைக் காட்டி, "தம்பி, இது காகத்தின்ரை வேலை, வேறை ஒண்டுமில்லை" என்றார். நானும் அதை நம்பிக் கிணற்றை இறைப்பித்துக் குளோரின் இட்டுவிட்டு வந்தேன். பதினைந்து நாளில் மறுபடியும் அதே முடிவு. இம்முறை அளவுநாடாவை எடுத்துப் பார்த்தேன். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் ஐம்பது அடி வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவர்கள் நாங்கள். அங்கே இருந்தது பதினெட்டு அடி, அதுவும் வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழி. காகம் ஒரு குடலைப் போட்டது உண்மை. குழியோ இரவு பகலாகக் கசிந்துகொண்டிருந்தது.

எங்கள் நிலத்தின் அமைப்பு அப்படி. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்தக் குடாநாடு குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரை. அந்தக் கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்தது; மண் வடிகட்டுவதைப் போல அது வடிகட்டாது. இந்தக் கல்லின்மேல் வீட்டுக்கு வீடு மலக்குழி வைத்திருக்கிறோம். அரைவாசி மருந்தைக் குடித்து நிறுத்தியவரின் குடலில் தேறிய பற்றீரியா பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போவதற்குச் சிறகு தேவையில்லை.

அரைவாசி மருந்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தடிமன், காய்ச்சல் என்றவுடன் அமொக்சிசிலின் கேட்டு வாங்குவதும், மூன்றாம் நாள் சுகம் தெரிந்தால் நிறுத்துவதும், மிச்சத்தை அலுமாரியில் வைத்து அடுத்த முறை தங்கச்சிக்குக் கொடுப்பதும் நம்முடைய வீடுகளில் புதுமையல்ல. தடிமன் பெரும்பாலும் வைரசால் வருவது. அதற்கு இந்த மருந்து ஒன்றும் செய்யாது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், குறைந்த அளவில் மருந்து எடுத்தால் கிருமி பழகிவிடும் என்று 1945இல் நோபெல் பரிசு உரையிலேயே எச்சரித்திருந்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பற்றீரியா நேரடிக் காரணமாக இருந்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. கோழிப்பண்ணைகளின் பங்கையும் மறைக்க முடியாது. பண்ணையில் மருந்து கொடுத்து வளர்த்த கோழிகளின் எரு, மக்கும்முன்பே உரப்பையில் தோட்டத்துக்கு வந்து வெங்காயப் பாத்தியில் கொட்டப்படுகிறது. உண்ணிக்கொக்கு அங்கே புழு பொறுக்குகிறது. எருவை நன்றாக மக்கவிட்டுப் போட்டால் கிருமியின் தொகை வெகுவாகக் குறையும். இது தோட்டக்காரர்களுக்குத் தெரியாததல்ல, காத்திருக்க நேரமில்லை என்பதுதான் கதை.

பறவையால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரித்தானியாவில் வாசற்படியில் வைத்த பாற்போத்தல்களின் தகட்டு மூடியைப் பறவைகள் கொத்தியதால், அந்தப் பாலைக் குடித்தவர்களுக்குக் கம்பிலோபக்டர் என்னும் பற்றீரியாவால் வயிற்றோட்டம் வந்தது 1990களின் தொடக்கத்தில் நன்றாக ஆராயப்பட்ட விடயம். நமக்கு அந்தப் பாற்போத்தல் திறந்த கிணறும் மூடியில்லாத கூரைத் தாங்கியும்தான். என்னுடைய வீட்டுக் கிணற்றுக்குக் கழித்துவிட்ட மீன்வலையொன்றைக் கம்பி வளையத்தில் கட்டிப் போட்டிருக்கிறேன். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. மற்றொன்று, மருந்துக்கு அடங்காத பற்றீரியாவும் கொதிக்கும் தண்ணீருக்கு அடங்கும், சரியான அளவு குளோரினுக்கும் அடங்கும். கொதித்தாறிய தண்ணீரைக் குடிக்கும் பழக்கம் இதற்கும் போதுமானது.

வெடி கொளுத்தும் யோசனையைப் பொறுத்தவரை, அதனால் பறவைகள் இல்லாமற் போவதில்லை, கலைந்து போகும். கடனீரேரியில் ஓரிடத்தில் தங்கி மேயும் கூட்டத்தைக் குழப்பினால் அது வயலுக்கும் ஊர்க் குளத்துக்கும் சிதறும். விலக்கி வைக்க விரும்பியதை வீட்டுக்குக் கிட்ட அழைத்ததாகவே முடியும். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகளுக்கான சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வங்காலை 2010 முதல், ராம்சார் எனப்படும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம். அங்கெல்லாம் வெடியோடு இறங்குவது சட்டத்துக்கும் முரணானது.

நான் கேட்பது வேறு. குப்பை கொட்டும் வெளிகளில் அன்றன்றைய குப்பையை அன்றே மண்ணால் மூட வேண்டும்; மீன், இறைச்சிக் கழிவுகளைத் தனியே புதைக்க வேண்டும். இவற்றுக்கு ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதோடு, மருத்துவபீடமும் விலங்கியற்றுறையும் உள்ள நமது பல்கலைக்கழகம் ஒரு சிறு வேலையைக் கையிலெடுக்கலாம். பறவையைப் பிடிக்க வேண்டியதில்லை, புதிய எச்சமே போதும். குப்பைமேட்டுக் காகங்களிலிருந்து ஆண்டு முழுவதும் மாதிரி எடுக்கட்டும். கடனீரேரி வாத்துக்களிலிருந்து, அவை வந்திறங்கும் ஒக்ரோபரில் ஒரு முறையும், புறப்படுமுன் மார்ச்சில் ஒரு முறையும் எடுக்கட்டும். ஒக்ரோபர் மாதிரியில் அடங்காத பற்றீரியா அதிகமாக இருந்தால் அந்த வாசகர் பக்கம் நான் சேர்ந்துகொள்கிறேன். மார்ச் மாதிரியில் அதிகமாக இருந்தால், அதையும் தாங்கள் அதே பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர்,
அராலி.