பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேனே

அன்புள்ள மாப்ளே,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா உன் மூட்டுவலியை விசாரித்தாள். குசலம் அவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கலுக்குப் போனில் பேசும்போது கேட்டாயே, "அப்பா கேசட்டெல்லாம் இன்னும் இருக்காடா?" என்று. "சர்வர்ல பத்திரமா இருக்கு" என்று நானும் ஜம்பமாகச் சொன்னேன். கேசட்டுகளை ஃபைலாக மாற்றிப் போட்டுவைத்திருக்கிற, மாடிப்படிக்குக் கீழே ஓடுகிற கம்ப்யூட்டரைத்தான் சர்வர் என்றேன். போன செவ்வாய் ராத்திரி மாடிப்படிக்குக் கீழிருந்து ஒரு சத்தம். டக்… டக்… டக். கொஞ்சம் நின்று மறுபடி டக். அம்மா பல்லி என்று நினைத்து, எந்தத் திசை என்று என்னிடமே கேட்டு, பஞ்சாங்கத்தில் கௌளி பலன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது பல்லி இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் முள் தட்டைப் படிக்க முடியாமல் மூலைக்குப் போய் முட்டிவிட்டுத் திரும்புகிற சத்தம்.

என் பெட்டியை நீ பார்த்திருக்கிறாய், "மிக்ஸி மாதிரி இரையுதே" என்றாயே, அதேதான். நாலு டெரா டிஸ்க் நாலு (ஒரு டெரா என்றால் ஆயிரம் ஜிபி). கணக்குப்படி பதினாறு, கைக்கு வருவது பன்னிரண்டு. மிச்சம் ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டி என்கிற மீட்புக் கணக்குக்குப் போய்விடும். எவன் போனாலும் மற்ற மூவரிடம் இருப்பதை வைத்து அவனிடம் என்ன இருந்தது என்று கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். இதற்கு ரெய்டு 5 என்று பெயர். "ரெய்டு போயிடுச்சு" என்று நான் புலம்பியதைக் கேட்டு அம்மா வாசல் கதவைத் தாழ்ப்போட்டது தனிக்கதை. 1988ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் இது. ஆங்கிலத்தில் RAID என்று எழுதும்போது வரும் 'ஐ'க்கு அப்போது 'மலிவான' என்றுதான் அர்த்தம். பிறகு வியாபாரிகள் அதைச் 'சுதந்திரமான' என்று மாற்றிவிட்டார்கள். என் வீட்டில் இன்னும் பழைய அர்த்தம்தான்.

டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையில் ஒன்றுக்கு ஒன்றாக நாலு 'யு' வரிசையாக நிற்க வேண்டிய இடத்தில் மூன்றாவது மட்டும் கீழ்க்கோடாகக் கிடந்தது, பல் விழுந்த மாதிரி. எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த மெஷின் முன்கூட்டியே எனக்குக் கடிதம் போட்டிருக்கிறது. படிக்க முடியாத செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள், எட்டு என்று ஒன்று, சில வாரம் கழித்து முப்பத்தி இரண்டு என்று இன்னொன்று. 'ரூட்' என்ற பெயரில் இருக்கும், யாருமே திறக்காத அஞ்சல் பெட்டிக்கு அவை போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆக, நான் பதில் போடாத கடிதங்கள் நாலு. உன்னுடையது இரண்டு, அதனுடையது இரண்டு. 2007ல் கூகுள்காரர்கள் லட்சத்துக்கும் மேலான டிஸ்க்குகளை வைத்துப் பார்த்ததில், செத்தவற்றில் 36 சதவீதத்துக்கு மேல் ஒரு அறிகுறியும் காட்டாமலேயே போயிருந்தன. என்னுடையது யோக்கியன். சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "இப்ப இன்னொண்ணும் போனா?"

போனால் மொத்தமும் போச்சு. நாலையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வாங்கியவன் நான். ஒரே வயசு, ஒரே வெயில், ஒரே உழைப்பு. ஒருவன் படுத்தால் மற்றவனும் படுக்கையை விரித்திருப்பான். மொட்டை அன்றைக்கே சொன்னான், இரண்டை வேறு கடையில் வாங்குடா என்று. கேட்டேனா?

அதனால் புது டிஸ்க்கை உடனே மாட்டவில்லை. மாட்டினால் அதை நிரப்ப மற்ற மூன்றையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும், பன்னிரண்டு டெரா. இந்த ரக டிஸ்க்குகளில் பன்னிரண்டரை டெரா படித்தால் ஓரிடத்தில் இடறலாம் என்று கம்பெனிக்காரனே தாளில் போட்டிருக்கிறான். நிஜத்தில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அந்த ராத்திரியில் யார் பந்தயம் கட்டுவது? முதலில் அப்பா கேசட்டுகளை வெளியே எடுத்தேன்.

சவூதியில், தம்மாமிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட்டுகள் இருபத்தி மூன்று. ஒரிஜினல் எல்லாம் பூஞ்சை பிடித்து, போன தடவை வெள்ளையடித்தபோது குப்பைக்குப் போனது, என் உத்தரவின் பேரில்தான். "அதான் சர்வர்ல இருக்கே." எல்லாம் சேர்த்து எவ்வளவு தெரியுமா? 15 ஜிபி. முன்னூறு நானூறு ரூபாய் பென்டிரைவில் அடங்கிவிடும். பன்னிரண்டு டெராவுக்குக் கோட்டை கட்டியவன் இந்தப் பதினைந்து ஜிபிக்கு இன்னொரு காப்பி எடுக்கவில்லை. ரெய்டு இருந்தால் காப்பி இருக்கிற மாதிரி என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நானே தூக்கக்கலக்கத்தில் ஒரு ஃபோல்டரை அழித்திருந்தால் நாலு டிஸ்க்கும் ஒற்றுமையாக அழித்திருக்கும். காப்பி நகர்கிற வரை திரையில் பச்சைக் கோடு நீளுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவை ஐ.சி.யூ.வில் வைத்திருந்தபோது வெளியே உட்கார்ந்திருந்த அதே மாதிரி. சரி, அதை விடு.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். மலிவாக ஒன்றை நீட்டினான் ஒரு பையன். எஸ்.எம்.ஆரா, சி.எம்.ஆரா என்று கேட்டால் "ரெண்டும் நாலு டெராதான் சார்" என்கிறான். எஸ்.எம்.ஆர். என்பது நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். நடுவில் ஒரு ஓடு மாற்றப் பக்கத்து வரிசைகளையும் கலைத்து அடுக்க வேண்டும். ரெய்டில் மாட்டினால் மணிக்கணக்கு நாள்கணக்காகும். சி.எம்.ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். நாலு கடை ஏறி இறங்கி அதையே வாங்கி வந்தேன்.

அடுத்த கூத்து, நாலில் எது செத்தது? ஒரே முகம் நாலு பேருக்கும். தப்பானதை உருவினால் நானே கொலைகாரன். மெஷினை அணைத்து, செல்போனை இடுக்கில் நுழைத்து ஸ்டிக்கரைப் படம் எடுத்து, சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தைத் திரையில் குறித்துவைத்ததோடு மூன்று தடவை ஒப்பிட்டேன். இப்போது ஒவ்வொன்றின் நெற்றியிலும் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறது. மறுகட்டுமானம் முடிய எட்டரை மணி நேரம். நடுவில் கரண்ட் போனது. யு.பி.எஸ். தாங்கியது, என் நெஞ்சும் ஏதோ தாங்கியது. டேபிள் ஃபேனைப் பெட்டி பக்கம் திருப்பிவைத்ததைப் பார்த்து அம்மா, "காய்ச்சல் இறங்கிடுச்சா?" என்றாள். விடியும்போது நாலு 'யு'.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். மூன்று காப்பி, இரண்டு விதச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். இதுதான் இந்த வேலையில் இருப்பவர்களின் கணக்கு. வேறு ஊர் என்றால் எனக்கு நீதான். அடுத்த வாரம் சித்தப்பா பெங்களூர் வருகிறார், அவரிடம் கையகல ஹார்ட் டிஸ்க் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். பீரோவில் வை. வருஷம் ஒரு தடவை, பொங்கலன்று, சொருகித் திறந்து பார். மறுக்க உனக்கு உரிமை கிடையாது. அந்தக் கேசட்டுகளில் முதலில் கைவைத்தவனே நீதான். பின்பக்கம் அந்தக் குட்டித் தகட்டை உடைத்துவிடுடா, யாரும் மேலே பதிய முடியாது என்று உன் அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்காமல் நாம் கிரிக்கெட் கமெண்ட்ரி பதிந்தோமே, அது அப்படியே இருக்கிறது. அப்பா "அங்க மழை உண்டா, கிணத்துல தண்ணி…" என்று கேட்கிற இடத்தில் பட்டென்று நீ புகுந்து, ஸ்ரீகாந்த் ஃபோர் அடிக்கிறார்.

பதினான்காவது கேசட், இரண்டாம் பக்கம், பதினோராவது நிமிஷம். கேட்டுவிட்டு எழுது.

உன்,
மாப்ளே