பதிவு எண்ணைக் கேள், அம்மிணி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணி,

சில வாரங்களாக உன்னிடமிருந்து அந்தப் பண ஆலோசகரின் காணொளிகள் மட்டுமே வருகின்றன; அவற்றோடு நலம் விசாரித்து ஒரு வரிகூட வருவதில்லை. ஆனாலும் நீ அனுப்பியவை ஆயிற்றே என்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

அவர் சொல்வதில் பொய்யென்று தள்ளத்தக்கது அதிகமில்லை. ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும், கிரெடிட் கார்டு பாக்கியை முதலில் அடைக்க வேண்டும், காப்பீட்டையும் முதலீட்டையும் கலக்காமல் டேர்ம் பாலிசி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் நல்ல வார்த்தைகள்தாம். பல பிள்ளைகளுக்கு இவற்றை வீட்டில்கூட யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் இவ்வளவையும் சொல்லி முடிக்க அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகும் வாரந்தோறும் பேச வேண்டியிருப்பதால்தான் பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் ஆப்ஷன் வர்த்தகத்துக்கு வகுப்பும், அதற்குக் கட்டணமும், இன்றிரவுக்குள் சேர்ந்தால் பாதி விலை என்ற அவசரமும் வருகின்றன. சந்தையிலேயே அவ்வளவு சம்பாதிக்கத் தெரிந்தவர், வகுப்புக் கட்டணத்துக்கு ஏன் இப்படிக் கூவ வேண்டும்?

பணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் விதிமுறைகள் சொல்கின்றன. பதிவு பெற்றவர்களின் பட்டியல் செபியின் இணையதளத்தில் இருக்கிறது. உன் ஆலோசகரின் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. தாம் கற்றுத்தருவதாகவும் ஆலோசனை கூறவில்லை என்றும் காணொளியின் அடியில் பொடி எழுத்தில் போட்டுக்கொள்கிறார். பேச்சில் அந்த அடக்கத்தைக் காணோம். எதற்கும் நீயே பதிவு எண்ணைக் கேட்டுப் பார்.

எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாகவும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபியே 2024 செப்டம்பரில் ஆய்வு வெளியிட்டது. பிளஸ் டூ கணக்கில் இருநூறுக்கு இருநூறு வாங்கியவளுக்கு இந்தச் சதவீதத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மதிப்பெண்ணை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அதே பெண் காலக்கெடு போட்டு விற்கும் ஒருவரை நம்புகிறாளே என்பதுதான் மனதை உறுத்துகிறது.

பெருந்துறைப் பக்கம் பணம் கட்டி ஈமு கோழி வளர்க்கும் திட்டம் வந்தபோதும் பேச்சு இப்படித்தான் தெளிவாக இருந்தது. குஞ்சு தருகிறோம், கொட்டகை போட்டுத் தருகிறோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் தருகிறோம் என்றார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கில் ஒரு பிசகும் தெரியாது. 2012இல் அது எப்படி முடிந்தது என்பதை உன் பெரிய மாமன் வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம்.

நம் இருவர் பெயரிலும் இருந்த வைப்புத்தொகையைப் பற்றி வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அது உன் சம்பளப் பணம். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு இந்த வகுப்பு விவரம் தெரியும்தானே?

பணம் கட்டிவிட்டிருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்து. கட்டவில்லையென்றால், மறுபடியும் சொல்கிறேன், பதிவு எண்ணைக் கேள். கைமுடை ஏதேனும் இருந்தால் கடன் செயலிகளின் பக்கம் போகாதே. மஞ்சள் விற்ற பணம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
அப்பா