அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

போன செவ்வாய்க்கிழமை உன் அப்பா ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி நேராகச் சேலம் அஸ்தம்பட்டிக்கு, என் வீட்டுக்கு வந்தார். கையில் வழக்கமான மஞ்சப்பை. வழக்கமாக அதில் மிளகு இருக்கும். அன்றைக்கு ஒரு ஃபைல் இருந்தது, நாகலூர்ப் பக்கம் இருக்கும் நம் காப்பித் தோட்டத்தின் கிரைய ஒப்பந்தம். உன் தாத்தா உயில் எழுதாமல் போய்விட்டதால் அதில் எனக்கும் பங்கு உண்டு. என் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நகராது. "பையன் படிக்க இங்கிலாந்து போறான், போட்டுக் குடும்மா" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை.

அன்றிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. கோபம் இருக்கும், புரிகிறது. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். உன் பெயர் சொல்லாமல் பொதுவில் வைக்கிறேன். ஏனென்றால் இதே கேள்வியோடு என்னிடம் வந்த பிள்ளைகள் ஏராளம். இருபத்தாறு வருடம் வங்கியில் இருந்தேன், அதில் கடைசி ஒன்பது வருடம் கல்விக் கடன் மேஜையில்.

நீ போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும் என்று உன் அப்பாவைவிட அதிகமாக ஆசைப்படுகிறவள் நான். எனக்குக் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தபோது விடுதிக்குக் கட்டப் பணமில்லை என்று அதோடு நின்றுபோனது. அந்த வலி உனக்கு வரக்கூடாது. ஆனால் எங்கே போகிறாய், என்ன படிக்கப் போகிறாய், எவ்வளவுக்குப் போகிறாய் என்பதில் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

சிவதாபுரத்திலிருந்து ஒருவர் மாதாமாதம் ஐந்தாம் தேதி எங்கள் கிளைக்கு வருவார். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். விரல் நுனியெல்லாம் பற்றவைத்த சூட்டுத் தழும்பு. மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப வீட்டை அடமானம் வைத்திருந்தார். மகன் படித்து முடித்துவிட்டான், ஆனால் படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை. கடையில் நின்று சம்பாதித்தது அவன் வாடகைக்கே சரியாக இருந்தது. தவணையை அப்பாதான் கட்டினார். ஒருநாள் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, "மேடம், அசல்ல எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பதினோரு மாதம் கட்டியதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். உன் அப்பா அந்த ஃபைலைத் திறந்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, கணக்குக்கு வா. உன்னை இங்கிலாந்துக்கு அனுப்பும் ஏஜென்சி கொடுத்த செலவுத் தாளில் மொத்தம் 30 லட்சம் போட்டிருக்கிறது. ஒரு வருடப் படிப்பு. 30 லட்சத்தையும் 10 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்குகிறாய் என்று வை. பாதி முதலிலும் மீதி ஆறு மாதம் கழித்தும் வாங்கி, படிப்பு ஒரு வருடம், அதன்பின் அவகாசம் ஒரு வருடம் என்று போனால் தவணை தொடங்கும்போது கடன் 35 லட்சத்து 25 ஆயிரம் ஆகியிருக்கும். பத்து வருடத்துக்கு மாதம் ஏறத்தாழ 46,600 ரூபாய். மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட 56 லட்சம். நிலத்தை விற்றால் இந்தத் தவணை இல்லையே என்று நீ கேட்கலாம். அந்த நிலத்தில் வருடா வருடம் வரும் காப்பியும், சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகும்தான் உன் அப்பாவுக்குப் பென்ஷன். வேறு பென்ஷன் அவருக்குக் கிடையாது.

நிலத்தை விற்காமல் அடமானம் வைக்கலாம் என்றால், விவசாய நிலத்தை வங்கிகள் கல்விக் கடனுக்கு எடுக்கத் தயங்கும். அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே விற்க வழிசெய்யும் 2002-இன் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது, கடன் திரும்பி வராமல் போனால் வங்கியால் அதை எளிதில் ஏலம் விட முடியாது. ஏஜென்சிக்காரர் "வித்துடுங்க" என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அந்தத் தாளை நான் இரண்டு முறை படித்தேன். நீ மெக்கானிக்கல் படிக்கிறாய். அவர்கள் உனக்குத் தேர்ந்தெடுத்திருப்பது ஏதோ மேலாண்மைப் படிப்பு. விசாவோடு முன்கூட்டியே கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணம், மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட், அதில் இல்லவே இல்லை. படித்து முடித்தபின் இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம் என்று போட்டிருக்கிறார்கள். 2027 ஜனவரி 1 முதல் அப்படித் தங்க விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். நீ முடிக்கும்போது உனக்கும் அதுதான். "எங்களுக்குச் சேவைக் கட்டணமே கிடையாது" என்கிறார்களே, யோசித்துப் பார். ஒரு மாணவன் சேர்ந்தால் அந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் தருகிறது. கமிஷன் தராத இடத்தை அவர்கள் உனக்குச் சொல்ல மாட்டார்கள்.

அப்படிச் சொல்லாமல் விட்டதில் முக்கியமானது ஜெர்மனி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும். விதிவிலக்கு உண்டு: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம், கட்டணம் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். ஆளை நம்பாமல் நீயே உட்கார்ந்து பார். ஒவ்வொரு படிப்புக்கும் பாடத்திட்டத்தைத் திறந்து, நீ நாலு வருடத்தில் படிக்கும் பாடங்களோடு ஒப்பிட்டுப் பார். அவர்களும் சேர்க்கையில் அதைத்தான் பார்ப்பார்கள்.

செலவு இல்லாமல் இல்லை. விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்ட்டில் 11,904 யூரோ போட வேண்டும். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 12 லட்சம். ஆனால் அது கட்டணம் இல்லை, உன் பணம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உன் கைக்கே திரும்பி வரும், அதில்தான் நீ சாப்பிட்டு வாடகை கட்டுவாய். மியூனிக்கில் அது போதாது, மாக்டபுர்க், கெம்னிட்ஸ் மாதிரி ஊர்களில் வாடகை குறைவு. ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். ஆனால் முதல் வருடம் அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஜெர்மன் தெரியாமல் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். கோயம்புத்தூரில் ஜெர்மன் சொல்லித் தரும் கோத்தே மையம் இருக்கிறது, இறுதியாண்டு தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடு. நம் படிப்புச் சான்றிதழ்களை ஜெர்மனி தரப்பில் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், அது வர வாரக்கணக்கில் ஆகும். அது இல்லாமல் இந்திய மாணவர்களுக்குப் பெரும்பாலும் விசா கிடையாது. அரியர் எதுவும் வைக்காதே, அதை மட்டும் அத்தை கெஞ்சிக் கேட்கிறேன்.

உதவித்தொகையும் பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலையில் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருவார்கள். போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்காதவனுக்குக் கிடைக்காது. அப்புறம், மலையில் உன்னோடு பள்ளியில் படித்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுக்கு 20 பேரை மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்புகிறது. தமிழக அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையிலும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவி உண்டு. இந்தத் தகவல் மலை ஏறிப் போகாமலே நின்றுவிடுகிறது என்பது எனக்கு வெகுநாள் வருத்தம்.

கடனுக்கு நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். பொதுத்துறை வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். 4 லட்சத்துக்கு மேல் போனால் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம். அந்த ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். வங்கி முழுத்தொகையும் தராது, வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் கையிலிருந்து காட்ட வேண்டும். அதற்கும் மிச்சத்துக்கும் என் வைப்புத்தொகை இருக்கிறது, இந்த வருட மிளகு இருக்கிறது. 7.5 லட்சத்துக்கு அதே 10 சதவீதத்தில், தவணை தொடங்கும் வரை மாதம் 6,250 ரூபாய் வட்டியை மட்டும் கட்டி வந்தால், பிறகு பத்து வருடத்துக்குத் தவணை பத்தாயிரத்துக்குள் நின்றுவிடும். முதல் வேலை சுமாரான வேலையாக இருந்தாலும் நீயே கட்டிவிடலாம், உன் அப்பா ஐந்தாம் தேதிக்குப் பஸ் பிடித்து இறங்கி வர வேண்டியதில்லை.

இங்கிலாந்துதான் வேண்டும் என்று நீ பாடத்திட்டத்தைப் பார்த்து, கணக்குப் போட்டுச் சொன்னால், அதையும் கேட்கிறேன். ஏஜென்சித் தாளைக் காட்டிச் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வா. ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டையும், பாஸ்போர்ட்டையும், நீ பார்த்து வைத்த படிப்புகளின் பட்டியலையும் கொண்டு வா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்குப் பிடித்த தட்டுவடை செட் வாங்கி வைக்கிறேன். மஞ்சப்பையில் இந்த முறை மிளகு போட்டு எடுத்து வரச் சொல். இங்கே தீர்ந்துவிட்டது.

உன்
அத்தை