கனம் எண்டா பாரமோ, ரீச்சர்?

கிளிநொச்சி
யூலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். இரணைமடுத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் விதைத்திருக்கிறோம். கதிர் முற்றுகிற நேரம், மயில் துரத்துவதே இவருக்கு வேலை.

ஞாயிறு பாடசாலையில் சின்ன வகுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மரியாதையை எப்படிப் படிப்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் செய்யக்கூடாதது ஒன்று. பெத்தேலில் பிள்ளைகள் எலிசா தீர்க்கதரிசியைப் பார்த்து ‘மொட்டைத்தலையா, ஏறிப்போ’ என்று கத்தினார்களே, இரண்டு கரடிகள் வந்து 42 பேரைப் பீறிப்போட்டதே, அதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லாதே. எனக்கு முன் வகுப்பெடுத்த ஒருவர், பெரியவர்களைப் பகிடி பண்ணினால் இதுதான் நடக்கும் என்று சொல்லிவிட்டார். உனக்குத் தெரியும், வன்னிப் பிள்ளைகளுக்குக் கரடி வெறும் படத்தில் பார்க்கிற மிருகம் இல்லை. பாலைப்பழக் காலத்தில் மரத்தடியில் கரடி நிற்கும் என்று பெரிய ஆம்பிளைகளே தனியாகக் காட்டுக்குப் போகமாட்டார்கள். எங்கள் கோயில் வாசலில் தலை வழுக்கையான ஐயா ஒருவர் இருந்து எல்லாருக்கும் தோத்திரம் சொல்வார். அந்தக் கதை கேட்ட ஒரு பெண்பிள்ளை அவரைக் கண்டால் இப்போதும் பின்வாசலால்தான் உள்ளே வருகிறது. அவருக்கு அது எவ்வளவு மனவருத்தம்!

நான் ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்ற கட்டளையில் தொடங்கினேன். மனப்பாடம் செய்யச் சொன்னதும் ஒரு பொடியன் கேட்டான், “கனம் எண்டா பாரமோ, ரீச்சர்?” இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் போதகர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. எபிரெயத்திலும் அந்தச் சொல்லின் வேர் பாரம்தானாம். ஒருவரைக் கனம்பண்ணுவது என்றால் அவரைப் பாரமுள்ளவராக எண்ணுவது. நாங்களும் ‘அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை’ என்றுதானே சொல்கிறோம்!

உடனே கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாளி வெறுமை, ஒரு வாளி நிறையத் தண்ணீர். வெறும் வாளியைக் காலால் தட்டித் தட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் வாளியை இரண்டு பேர் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டு வந்தார்கள். “வீட்டில ஆற்ற சொல்லை வெறும் வாளி மாதிரி நினைக்கிறீங்கள்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பொடியனே சொன்னான், “அப்பப்பான்ர. அவருக்குக் காது கேக்காது, அதால நாங்கள் ஒண்டும் சொல்றேல்லை.” அடுத்த ஞாயிறு வந்து, அப்பப்பாவின் காதுக்குள் வாளிக்கதையை முழுக்கச் சொன்னதாகச் சொன்னான். அவர் திரும்பவும் சொல்லச் சொன்னாராம்.

அப்புறம், சாலொமோனின் கதிரை. பத்சேபாள் வரும்போது ராஜா சிங்காசனத்தை விட்டு எழும்பி, எதிர்கொண்டு வந்து, வணங்கி, தன் வலதுபக்கத்தில் தாய்க்கு ஓர் ஆசனம் வைப்பிக்கிறாரே, அந்த இடம் மட்டும். மட்டையில் முடி செய்து, பிளாஸ்ரிக் கதிரைக்குச் சிவப்புத் துணி போட்டோம். பத்சேபாளாகப் பிள்ளையைப் போடாமல், ஒரு பிள்ளையின் ஆச்சியையே கூப்பிட்டேன். அவர் வந்து, “நான் கீழ இருக்கிறன் பிள்ளை” என்று பாயில் இருக்கப் போனார். ராஜாவுக்கு ஆறு வயது. முடி கண்ணை மறைக்க மறைக்க, கதிரையைத் தானே இழுத்து வந்து, சேட்டின் நுனியால் தூசியைத் தட்டிவிட்டு, “இருங்கோ ஆச்சி” என்றான். அந்தத் தூசி தட்டுவது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. வீட்டில் யாரோ செய்யக் கண்டிருக்கிறான். ஆச்சி உட்காரும்வரை அவன் உட்காரவில்லை. ‘நரைத்தவனுக்கு முன்பாக எழுந்து’ என்ற லேவியராகமத்து வசனத்தை அதற்குப் பிறகுதான் சொன்னேன். விளக்கவே தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்த மட்டில், சின்னப் பிள்ளைகளுக்கு வசனம் பிறகு வந்தால் போதும், கைகால் முதலில் செய்ய வேண்டும்.

சாமுவேல் கதை எல்லாரும் சொல்வதுதான்: இரவில் கடவுள் கூப்பிட, ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவரிடம் ஓடுகிற பிள்ளை. ஆனால் ஏலியின் பக்கத்தைக் கவனித்திருக்கிறாயா? கண் மங்கின கிழவர், ஒரு பிள்ளை இரவில் மூன்றுதரம் ஓடிவந்து எழுப்புகிறது, அவர் ஒருதரமும் ஏசவில்லை. ‘என் மகனே, நான் உன்னைக் கூப்பிடவில்லை’ என்கிறார். மூன்றாம் தரம், பிள்ளை சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று விளங்கிக்கொள்கிறார். எங்கள் வகுப்பில் ஏலியாக நான் படுத்தேன். 11 பிள்ளைகளும் ஆளுக்கு மூன்றுதரம் வந்து எழுப்பினார்கள். ஒவ்வொரு தரமும் ‘என் மகனே’, ‘என் மகளே’ என்றேன். அதைக் கேட்கவே திரும்பத் திரும்ப வந்தார்கள். வீட்டில் ‘டேய்’, ‘எடியே’ என்று மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளை பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையை எங்கிருந்து எடுக்கும், சொல்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பெரியவர்கள் என்ன சொன்னாலும் செய்வதுதான் மரியாதை என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் அது ஆபத்து. இந்தக் காலத்தில் அதைச் சொல்லாமல் மரியாதை படிப்பிக்க எனக்குப் பயம். அதற்குத்தான் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேலின் கதை. ராஜாவின் சாப்பாடு வேண்டாம் என்பதில் உறுதியாக நிற்கிறான், ஆனால் கத்தவில்லை. பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தந்து பாரும் என்று தன்மையாகக் கேட்கிறான். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று, முகத்தைப் பார்த்து, “எனக்கு வேண்டாம், மாமா” என்று சொல்லப் பழக்கினேன். அதற்கு மேலும் விடாவிட்டால் ஓடிவந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். கூச்சமுள்ள இரண்டு பேருக்கு அது வர மூன்று ஞாயிறு எடுத்தது. வந்துவிட்டது.

சரி, இனி நான் உன்னிடம் கேட்கிற விஷயம். சாமுவேல் பாடத்தன்று ஒரு பிள்ளை கேட்டாள், “கடவுளை ஏன் ரீச்சர் ‘நீர்’ எண்டு கூப்பிடுறம்? எங்கட அதிபர் எங்களைத்தான் ‘நீர்’ எண்டுவார். நாங்கள் அவரை ‘நீங்கள்’ எண்டெல்லோ சொல்றம்.” பழைய தமிழில் அது பெரிய மரியாதை, எங்கள் வாயில்தான் அது கொஞ்சம் இறங்கிவிட்டது என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. அன்று முடிவுச் செபம் அவளுடைய முறை. கண்ணை மூடிக்கொண்டு, “யேசப்பா, நீங்கள் சாப்பிட்டீங்களோ?” என்று தொடங்கினாள். நான் திருத்தவில்லை. பிறகு பெரியவர் ஒருவர், வேதத்தில் இருக்கிறபடி சொல்லப் பழக்க வேண்டாமா என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீயென்றால் என்ன செய்திருப்பாய்? யோசித்து எழுது.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு.

என்றும் உன்,
பழைய விடுதித் தோழி