இரண்டு பேரில் ஒருவனைப் பெண்ணாக்கச் சொல்லும் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் கதைப்போட்டி நடத்துகிற, மாதக்கூட்டம் போடுகிற எல்லா இலக்கிய வட்டங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்த வட்டம், எந்த நடுவர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஊர் நாயம் முழுக்க அந்த ஆளைப் பற்றியே ஓடும், கதையை ஒருத்தரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நான் அனுப்பியது ஒரு சரித்திரக் கதை. 1790, மூன்றாம் மைசூர்ப் போர். செப்டம்பரில் திப்புவின் படை கஜலட்டிக் கணவாயில் இறங்கி வந்து, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் கும்பினிப் படையோடு (கிழக்கிந்தியக் கம்பெனியைத்தான் அப்போது கும்பினி என்பார்கள்) மோதியதே, அந்த நாட்கள். இரண்டு ஆண்கள். ஒருவன் கும்பினிப் படைக்குப் பொதிமாட்டில் தானியம் ஓட்டுகிறவன், இருட்டினால் கழுதைப்புலி ஆகிவிடுவான். இன்னொருவன் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மைசூர்ப் படைக்கு வழிகாட்டி வந்தவன், அவன் செந்நாய். இருவருக்கும் பெயர் வைக்கவில்லை, வைத்தால் எந்தக் கூட்டத்து ஆள் என்று கேட்டு அதற்கொரு பஞ்சாயத்து வரும். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். அவ்வளவுதான் கதை. வந்த பதில் இது: நடை நன்றாக இருக்கிறது, போர்க்களம் கண்முன் நிற்கிறது, உருமாறுவது புதுமை, இருவரில் ஒருவரைப் பெண்ணாக மாற்றித் தந்தால் பரிசீலிக்கலாம்.

யோசித்துப் பாருங்க. ஒரு மனுசனுக்கு வால் முளைக்கிறது, பிடரி மயிர் சிலிர்க்கிறது, நாலு காலில் ஓடிப்போய்ச் செத்த மாட்டைத் தின்கிறான். இதெல்லாம் நம்பும்படி இருக்கிறதாம். அவன் இன்னொருவன் கையைப் பிடித்தால் மட்டும் நெருடுகிறதாம்.

முதலில், உருமாறுவது நமக்குப் புதுமையே இல்லை. ஓநாய் மனிதர்களை இங்கிலீஷ்காரன்தான் கண்டுபிடித்தான் என்பதுபோல, நம் ஆட்களே தொடர்கதை எழுதும்போது பனி கொட்டுகிற ஏதோ ஊருக்குப் போய்விடுகிறார்கள், அதுவும் எனக்கு ஆகாது. திருமூலர் செத்துக் கிடந்த இடையனின் உடம்பில் புகுந்தார் என்று பெரியபுராணத்திலேயே இருக்கிறது. அருணகிரிநாதர் கிளியான கதை திருவண்ணாமலைக் கோபுரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காங்கேயத்துப் பக்கம் ஊதியூர் மலைக்குக் கொங்கணச் சித்தரைத் தேடி ஏறுகிறவர்களிடம் கூடுவிட்டுக் கூடு பாய்வது பற்றிக் கேட்டால், நம்பலாமா கூடாதா என்றெல்லாம் யோசிக்க மாட்டார்கள்.

பாரதத்து அரவான் கதைக்கு வாங்க. நாளைக்குக் களப்பலி ஆகப்போகிறவனைக் கட்டிக்கொள்ள எந்தப் பெண்ணும் முன்வராமல், கண்ணனே மோகினியாக மாறி வந்து ஒரு ராத்திரி குடித்தனம் நடத்துகிறான். போர், உருமாற்றம், காதல் மூன்றும் ஒரே இடத்தில். கூவாகம் தூரம் என்றால் சிங்காநல்லூரிலேயே அரவானுக்கு நோம்பி எடுக்கிறார்கள், டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். "அங்கேயும் பெண்ணாகத்தானே மாறினார்" என்று கேட்பீர்கள், தெரியும். சரி, மாறினார். மாறி வந்தது யாரென்று தெரிந்துதானே ஊரே அந்தக் கல்யாணத்தைக் கும்பிடுகிறது?

இது வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு நடுவர் எழுதியிருந்தார். கதை நடப்பது 1790-ல். ஆணும் ஆணும் சேர்ந்தால் குற்றம் என்று எழுதிய 377-ஆம் பிரிவு வந்தது 1860-ல், அதே வெள்ளைக்காரன் போட்ட தண்டனைச் சட்டத்தில். வயதுவந்தவர்கள் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. கப்பலில் வந்து இறங்கிய சரக்கு எது?

வீர வரலாற்றைக் கொச்சைப்படுத்துகிறேன் என்று இன்னொரு குறை. நான் தீரன் சின்னமலையையும் தொடவில்லை, திப்புவையும் பேச வைக்கவில்லை. என் ஆட்கள் எந்தக் கல்வெட்டிலும் வரமாட்டார்கள். ஊர் ஊராகத் தானியம் ஓட்டுகிற லம்பாடிகளின் பொதிமாடுகள் இல்லாமல் அந்தப் போரில் இரண்டு படைக்கும் சோறு இல்லை, ஆனால் மாடு ஓட்டினவனுக்கு எவன் சிலை வைக்கிறான்? சத்தியமங்கலத்தில் மாடுகள் அடிபட்டுச் செத்து, இழுக்க வழியில்லாமல் சில பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஃபிளாய்டு தெற்கே பின்வாங்கினான். எனக்கு அந்த மாடுகள்தான் முக்கியம். போர் என்றால் கழுதைப்புலிக்கு நோம்பி, ஆனால் இவன் கழுதைப்புலியாக இருந்து கடித்தது நேற்றுவரை தானே தண்ணி காட்டிய மாட்டை. விடிந்து மனுச உருவம் வந்ததும் பவானிக் கரையில் உட்கார்ந்து வாயைக் கொப்பளிக்கிறான், கொப்பளிக்கிறான், போகமாட்டேன் என்கிறது. மற்றவன் ஒரு வேலமுள்ளை ஒடித்து வந்து, இவன் தாடையைப் பிடித்து, பல்லிடுக்கில் சிக்கியிருந்த மாட்டு மயிரை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறான். எதிரிப் படைக்கு வழிகாட்டினவன், ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கதையில் காதல் காட்சி அவ்வளவுதான். அந்த இடத்தில் சிவப்பு மையில் "அருவருப்பு" என்று எழுதியிருந்தீர்கள். அதே முள்ளை ஒரு பெண் எடுத்துவிட்டிருந்தால் குறுந்தொகையை இழுத்து ஒரு பக்கம் பாராட்டியிருப்பீர்கள்.

இன்னொரு வட்டம் கொஞ்சம் தாராளம். ஆண்களாகவே இருக்கட்டும், கடைசியில் இருவரும் குண்டடிபட்டுச் செத்தால் வாசகர் மனசு கனக்கும், எதிர்ப்பும் வராது என்று போனில் சொன்னார்கள். அதுவும் முடியாதுங்க. 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு அந்தப் போர் முடிகிறது, போர் முடிந்தால் சிலர் வீடு திரும்பத்தான் செய்வார்கள். இவர்கள் டணாயக்கன்கோட்டைப் பக்கம் (இப்போது அந்த ஊர் பவானிசாகர் அணைக்குள் கிடக்கிறது) கொஞ்ச காலம் ஒளிந்திருந்துவிட்டு, காங்கேயத்துக்கு வந்து, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் நாலு மாடு மேய்த்துக் கிழவர்கள் ஆகிறார்கள். கூடப் பிறந்தவர்களா என்று ஊர் கேட்கிறது, ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்கள். நோம்பியில் படுகளத்தில் செத்தவர்களாக விழுந்தவர்களைக்கூடத் தண்ணி தெளித்து எழுப்பிவிடுகிற ஊர் நம்முடையது, அண்ணன் தம்பி பொன்னர் சங்கர் கதைப்பாட்டை விடிய விடிய உடுக்கை அடித்துப் பாடுகிற ஊர். என் ஆட்கள் உயிரோடு இருந்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன?

உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. திருச்செங்கோட்டை வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி நடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆனால் அந்த வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? புத்தகம் பிடிக்கவில்லையா, தூக்கிப் போட்டுவிடு என்றது. திருத்தி எழுதி வாங்கு என்று சொல்லவில்லை.

அதனால் கேட்பது இதுதான். கதை மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்க, வருத்தமே இல்லை. தன்பாலீர்ப்புக் கதைகளை எடுக்கவே மாட்டோம் என்றால் அடுத்த போட்டி அறிவிப்பில் பக்க அளவு, கடைசித் தேதியோடு அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்க, அனுப்புகிறவனுக்குத் தபால் செலவு மிச்சம். அப்படி எழுத்தில் போடக் கூச்சமாக இருந்தால், ஏன் கூச்சம் என்று ஒரு மாதக்கூட்டத்தில் பேசலாம். கூப்பிடுங்க, வருகிறேன். டீச்செலவு என்னுது.