கார்னோசின் குப்பியைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: ஒரு வாடிக்கையாளர், கும்பகோணம்.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நெடுங்காலமாகச் சர்க்கரை நோயால் அவதிப்படும் என் தாயாருக்காகத் தங்கள் கார்னோசின் கேப்சூல்களை வாங்கினேன். இரத்தத்தில் மிகும் சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு தோல், இரத்தக் குழாய்களின் கொலாஜன் என்னும் புரதத்தை விறைக்கச் செய்வதையும், பீட்டா அலனைன், ஹிஸ்டிடின் என்னும் இரு அமினோ அமிலங்கள் இணைந்த கார்னோசின் என்னும் இச்சிறு பெப்டைடு அதைத் தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டதையும் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் கேட்டவை இரண்டே கேள்விகள். கார்னோசின் இயற்கையில் இறைச்சியில் இருப்பது. என் தாயார் பிறவியிலிருந்தே சைவம். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பச்சைப் புள்ளியும் இல்லை, பழுப்புக் குறியும் இல்லை. உள்ளிருக்கும் பொருள் வேதிமுறையில் தயாரித்ததா, மேலுறை விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா? மனித இரத்தத்திலுள்ள கார்னோசினேஸ் என்னும் நொதி இதை விரைவில் சிதைத்துவிடும் என்கிறார்களே, அதற்குத் தாங்கள் என்ன வழி செய்திருக்கிறீர்கள்? தயாரித்தவர்களுக்கு இவை ஒரு நிமிட வேலை.

ஆனால் தங்கள் சேவை மையத்தில் ஒவ்வொருவரும் என்னை இன்னொருவரிடம் தள்ளிவிட்டார்கள். கடைசியாக வந்தவரோ, “மாத்திரையில என்னம்மா சைவம் அசைவம்? இஷ்டம்னா குடுங்க, இல்லைன்னா தூக்கிப் போடுங்க” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். எழுபது வயதைக் கடந்த ஒருவரின் வாழ்நாள் நெறியைத் தூக்கிப் போடச் சொல்ல அவர் யார்?

குப்பியைத் திருச்சி விநியோகஸ்தரிடம் நேரில் கொடுத்தால் பணம் கிடைக்கும் என்றார்கள். தாயாரைப் பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு, தஞ்சாவூர் வழியாகப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். அங்கே பூட்டிய ஷட்டர்தான் இருந்தது. அந்த அலுவலகம் காலி செய்து வெகுநாளாயிற்று என்றார் காவலாளி. இது தங்களுக்குத் தெரியாதா?

இணைப்பைத் துண்டித்த அதே ஊழியர் அதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமாம், எச்பிஏ1சி என்னும் இரத்தச் சோதனை அளவு ஒரே வாரத்தில் இறங்கிவிடுமாம். அந்தச் சோதனை சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அவர் பேச்சை நம்பியிருந்தால் என் தாயாரின் உயிரே போயிருக்கும். இந்த அலைச்சலில் எங்கள் குடும்பத்தின் நிம்மதி முழுவதும் போய்விட்டது. அதற்கு ஈடாகத் தாங்கள் எவ்வளவு கொடுத்தாலும் போதாது.

அருள்கூர்ந்து முழுத் தொகையையும் போக்குவரத்துச் செலவையும் தந்து, மேற்கண்ட இரு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள். அந்த ஊழியர் என் தாயாரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் இவை நடவாவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்வேன். அட்டைப்பெட்டியில் ‘சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டமே தடை செய்திருப்பதால், அந்தப் பெட்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீது நகல், குப்பி, அட்டைப்பெட்டி ஆகியவற்றின் படங்கள், பேருந்துப் பயணச்சீட்டுகள்.